முருங்கையில் கட்டிய சிவப்புத் துணி

எங்கள் தெருவில் கறிவேப்பிலை வேண்டுமென்றால் கேட்டுத்தான் பறிப்பார்கள். வாழையிலைக்கு முதல் நாளே சொல்லி வைப்பார்கள். முருங்கைக்கீரைக்கு மட்டும் கேட்கும் வழக்கமில்லை. போகிற போக்கில் கையை நீட்டி ஒரு கொத்தை ஒடித்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வாசல் முருங்கை பாதிக் கிளைகளை வேலிக்கு வெளியே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் யார் ஒடித்தார்கள், எவ்வளவு ஒடித்தார்கள் என்று நானும் என் மனைவியும் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முருங்கைக் கொத்துக்காக நான் அன்று பட்ட பாடு யாருக்கும் விளங்காது.

போன ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பும்போது முருங்கையின் அடிமரத்தைப் பார்த்தேன். பட்டையே தெரியவில்லை. கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, மரம் மூச்சு விடுவதுபோல் மெல்ல அசைந்தன. வழக்கமாக வைக்கோல் பந்தம் கட்டிச் சுட்டுவிடுவோம். இந்த முறை அதற்கு வழியில்லை. மாட்டுக் கொட்டகையை மரத்தை ஒட்டி நகர்த்திப் போட்டிருந்தோம். கீற்றுக் கூரை. ஒரு பொறி போதும்.

விட்டுவிட்டால் தானாகப் போய்விடும் என்றுகூட நினைத்தேன். ஆனால் எதிர் வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தது. அந்த வீட்டு மகள் பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் சிங்கப்பூரில். எங்கள் தெரு இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே போக முடியாத தெரு. அவர்கள் வாசல் கொடியில் குழந்தையின் துணிகள் நாள் முழுக்கக் காயும். காற்று எங்கள் மரத்திலிருந்து அந்தப் பக்கம்தான் அடிக்கும். கம்பளிப்பூச்சியின் முடி பட்ட துணியை என் போன்ற தடித்த தோல்காரன் கட்டினாலே தடித்து எரியும். ஒரு மத்தியானம் அந்தக் கொடிக்கம்பத்தில் ஒரு பூச்சி ஏறிப் போவதைப் பார்த்தேன். மேலே சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போய் அதைத் தட்டிவிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. அவர்கள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் எங்கள் வாசலில் வந்து தேங்கியதில் சண்டை தொடங்கியது. என் மனைவியும் அந்தம்மாவும் ஒருநாள் காலையில் தெரு முழுக்கக் கேட்கப் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீடும் பார்த்துக்கொள்வதில்லை. நான் சண்டையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் எதிலும் பேசுவதில்லை. வெளியில் பேச வேண்டியதை எல்லாம் என் மனைவிதான் பேசுவாள். கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால்கூட நான் கேட்காமல் வந்துவிடுவேன்.

அவளும் அப்போது ஊரில் இல்லை. பேரனுக்குக் காய்ச்சல் என்று திருவிடைமருதூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

உரக்கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும், "வயலுக்கா?" என்றார்.

"இல்ல. வீட்டு முருங்கைக்கு. கம்பளிப்பூச்சி."

"வயலுக்கு வாங்குன மிச்சம் வீட்ல கெடக்கும். அதத் தூக்கி அடிச்சுறாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு டேங்குக்கு மட்டும் ஆகக்கூடிய சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். "நீல முக்கோணம் போட்டது, வெஷம் கம்மி. செவப்பு, மஞ்சள் எல்லாம் வீட்டுக்கிட்ட வேணாம். ஆனா இதுவும் வெஷம்தான். அடிச்சா ரெண்டு வாரத்துக்குக் கீரையத் தொடக் கூடாது. பூவு, காயி எதையும்தான். வீட்ல சொல்லிடுங்க."

"வீட்ல ஆள் இல்ல."

"அப்ப தெருவுல சொல்லிடுங்க."

தலையை ஆட்டினேன். அப்போது ஆட்டியது உண்மையான ஆட்டல்தான். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வயலில் மருந்தடித்துப் பழகியவன் நான். ஆனால் வயல் ஊருக்கு வெளியே. அங்கே அடிக்கும்போது கொக்கும் நானும்தான். வீடு அப்படியில்லை. அடிபம்பு இருக்கிறது, மாடு இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழி இருக்கிறது, கொடியில் வேட்டி இருக்கிறது. பாட்டிலோடு வந்த தாளை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். பொடி எழுத்து. பத்தாவது வரை படித்தவனுக்கு அதில் பாதி புரியும். புரியாத பாதிதான் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாட்டை அவிழ்த்து வாய்க்கால் பக்கம் கட்டிவிட்டு வந்தேன். தெருவில் பாதிப் பேர் நடவுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரத்தைத்தான் நானும் பார்த்திருந்தேன். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, வாயையும் மூக்கையும் சேர்த்து மாஸ்க். அடிபம்பிலிருந்து எட்டப் போய், பழைய பிளாஸ்டிக் வாளியை அதற்கென்றே ஒதுக்கினேன். ஸ்பிரேயரில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, குச்சியால் ஒரு கலக்கு, பிறகு மீதித் தண்ணீர். பாட்டிலை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றினேன். காற்று இருக்கிறதா என்று ஒரு பிடி சாம்பலைத் தூவிப் பார்த்தேன். நேராகக் கீழே விழுந்தது. எதிர் வீட்டுக் கொடியைப் பார்த்தேன். துணி இன்னும் போடவில்லை. அதற்குள் அடித்து முடித்துவிட வேண்டுமென்று கை பரபரத்தது.

பூச்சிகள் கொத்துக்கொத்தாக விழுந்தன. கூட்டி, குழியில் தள்ளி மூடினேன். பாட்டிலில் ஆணியால் ஓட்டை போட்டு, தாளையும் அதோடு வைத்து, கொல்லைக் கோடியில் ஆழத் தோண்டிப் புதைத்தேன். உடுத்தியிருந்ததைத் தனியாகத் துவைத்தேன். சோப்புப் போட்டுக் குளித்தேன். பிறகும் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மீதி இருந்தது ஒன்றுதான். தெருவில் சொல்வது.

வயலில் மருந்தடித்தால் காலி பாட்டிலை ஒரு குச்சியில் கவிழ்த்து வரப்பில் நட்டு வைப்போம். புல்லறுக்க வருகிறவர்கள் பார்த்ததும் புரிந்துகொண்டு அந்த வரப்பில் அரிவாள் வைக்க மாட்டார்கள். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்த வழக்கம். ஆனால் வீட்டு வாசலில் மருந்து பாட்டிலை நட்டு வைக்க முடியாது. வாசலில் மருந்து பாட்டிலைக் கண்டால் ஊர் வேறு மாதிரிப் பேசும். போதாததற்கு மனைவியும் ஊரில் இல்லை. அதனால் ஒரு பழைய சிவப்புத் துண்டைக் கிழித்து, தெருப்பக்கம் தாழ்ந்திருந்த கிளையில், எல்லார் கண்ணிலும் படும்படி கட்டினேன். சிவப்பு என்றால் தொடாதே என்று யாருக்குத்தான் தெரியாது.

கட்டி முடித்ததும் பெரிய பேச்சொன்றைப் பேசி முடித்தவன் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலை வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றேன். துணிக்குச் சற்று மேலே, முழங்கை நீளத்துக்கு ஒரு கிளை இல்லை. ஒடிந்த இடம் பச்சை வெள்ளையாகத் தெரிந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். ஈரம் காயவில்லை. யாரோ சற்று முன்னால்தான் ஒடித்திருக்கிறார்கள். மணி ஏழரை இருக்கும். கீரையை உருவி, ஆய்ந்து, சோறு வடித்து, மத்தியானம் இலையில் வைப்பார்கள். அதற்குள் அது எந்த வீடு என்று தெரிய வேண்டும்.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு ஒடிச்சிருக்கு?" என்றாள்.

"ஒரு கெளை. ஒரு வீட்டுக்கு ஆகுற அளவு."

"அடக் கடவுளே. நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"துணி கட்டியிருந்தேன்."

"துணி பேசுமா?" என்றாள். பேரன் அழுவது கேட்டது. "இங்க பாருங்க. 'யாரு ஒடிச்சீங்க'ன்னு கேட்டீங்கன்னா ஒருத்தியும் ஒத்துக்க மாட்டா. கீரை திருடுனியான்னு கேட்ட மாதிரி ஆயிடும். 'இன்னிக்கு என்ன குழம்பு'ன்னு கேளுங்க. தன்னால வந்துடும். அப்புறம் மருந்து விஷயத்தச் சொல்லுங்க."

"நான் போயி குழம்பு கேக்கவா?"

"பின்ன? நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ள சோறு வெந்துடும்."

"எதிர் வீட்ல…"

"அவளா? நம்ம மரத்துல பொன்னு காச்சாலும் தொட மாட்டா. வீம்புக்காரி. அங்க மட்டும் போயிடாதீங்க. நான் இல்லாத நேரமாப் பாத்து சமாதானத்துக்கு வந்தாருன்னு தெருவெல்லாம் தம்பட்டம் அடிப்பா."

எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எதிர் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஆனால் போனை வைத்த பிறகும் அந்த வீட்டின் அடுப்பங்கரை ஜன்னலைத்தான் என் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் பக்கத்து வீடு. தையல் தைக்கிற பெண் அது. மெஷினில் உட்கார்ந்திருந்தது. நான் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தேன்.

"வாங்கண்ணே. என்ன, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு என்ன குழம்பு?"

அது மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. "இன்னும் அடுப்பே பத்த வைக்கலண்ணே. அண்ணி இல்லாம சாப்பாட்டுக்குத் திண்டாடுறீங்களா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன? ஆக்குனதும் நானே கொண்டாரேன்."

"அதுக்கில்லம்மா…"

"சும்மா இருங்கண்ணே. வெக்கப்பட்டா வயிறு நெறையாது." ரவிக்கைக்கு வந்த ஒருத்தி உள்ளே நுழைந்து அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் வந்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை என்றால் இந்த வீடு இல்லை என்று எண்ணிக்கொண்டேன். மருந்து விஷயத்தைச் சொல்லவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வாழ்நாளில் நான் அந்தக் குழாயடிக்குப் பேசப் போனதில்லை. போய் நின்றதும் பேச்சு நின்றது.

"இன்னிக்கு… யார் யார் வீட்ல என்ன குழம்பு?" என்றேன்.

ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

"மாமா கணக்கெடுக்க வந்துட்டாருடி!"

"எங்க வீட்ல மீன் கொழம்பு மாமா. தட்டு எடுத்தாந்தீங்களா?"

"அத்தை ஊருக்குப் போயி ரெண்டு நாளுதான ஆவுது? அதுக்குள்ளயா?"

காது மடல் எரிந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே, "முருங்கைல மருந்தடிச்சிருக்கேன். யாராச்சும் ஒடிச்சிருந்தா சாப்பிட வேணாம்" என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது. சிரிப்பு அடங்கியது.

"நாங்க ஒடிக்கலியே" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் இல்லையென்று தலையசைத்தார்கள். மீன்குழம்புக்காரி மட்டும் கேட்டாள்: "எதிர் வீட்டு அத்தகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அதானே. ரெண்டு வீட்டுக்கும்தான் ஆகாதே."

திரும்பும்போது எதிர் வீட்டு வாசலில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது, யாரோ தாலாட்டாக முனகினார்கள். கனைத்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கனைத்திருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். பச்சை உடம்புக்காரி இருக்கிற வீடு, ஆம்பிளை இல்லாத வீடு, பேச்சில்லாத வீடு. மூன்று காரணமும் சேர்ந்து என்னைத் தெருவைக் கடந்து வீடு திரும்ப வைத்தன. குழாயடியில் சொன்னது எப்படியும் அந்த வீட்டுக்குப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் எந்தச் செய்திதான் எந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கிறது?

வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். மாடு தண்ணீருக்குக் கத்தியதைக்கூட நேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு தூறல் போட்டது. மழை கழுவியிருக்குமா என்று நினைத்தேன். தாளில் அப்படி ஒன்றும் படித்த ஞாபகமில்லை. தாளும் மண்ணுக்குள் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது தையல்காரப் பெண் எவர்சில்வர் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தது.

"இந்தாங்கண்ணே. ரசம் மட்டும்தான் வச்சேன். தொட்டுக்க இது. சூடா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். முருங்கைக்கீரை. நிறையப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கியிருந்தது. அவ்வளவு பூண்டு எதற்குப் போடுவார்கள் என்று எந்த வீட்டிலும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் போடுவது.

"இது எங்கேருந்தும்மா?"

"எதிர் வீட்டு அக்கா குடுத்துச்சு. பொண்ணுக்கு ஆக்குனதாம், நெறைய இருக்குன்னு ஒரு கரண்டி தந்துச்சு. நான்தான் உங்களுக்கும் ஆகட்டுமேன்னு… அண்ணிகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, அந்த வீட்டுக் கீரைய உங்களுக்குக் குடுத்தேன்னு."

"நீ தின்னியா?"

"இனிமேதான்."

"தின்னாத. கைய சோப்புப் போட்டுக் கழுவு. அது மருந்தடிச்ச கீரை."

கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. தெருவை எப்படிக் கடந்தேன் என்றும் ஞாபகமில்லை. "சாப்பிடாதீங்க! சாப்பிடாதீங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, யாரோ வயலில் மாட்டை விரட்டுவது போல. அது நான்தான்.

கூடத்தில் பாயில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. சோற்றில் கீரையைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் தொட்டிலில் குழந்தை.

"கீரைய வச்சிடும்மா. கீழ வை. எவ்வளவு சாப்பிட்ட?"

"ரெண்டு மூணு வாய்… ஏன் மாமா?"

அந்தம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தார். "என்ன இது, வீடு பூந்து சத்தம்?"

"அந்த முருங்கைல நேத்துதான் மருந்தடிச்சேன்" என்றேன்.

கரண்டி கீழே விழவில்லை. அதை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் மகளைப் பார்த்தார். பிறகு தொட்டிலை. "அய்யோ, எம்புள்ள" என்றார். எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று தெரியவில்லை. இருவரையும்தான்.

சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். புளியைக் கரைத்துக் கொடு, உப்புத் தண்ணீர் கொடு, வாந்தி எடுக்க வை என்று ஆளுக்கொன்று. தையல்காரப் பெண் அதற்குள் ஊர் நர்சம்மாவுக்குப் போன் போட்டு என் காதில் வைத்துவிட்டது. "எதையும் குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க" என்றார் அவர். "வாயக் கொப்புளிக்கச் சொல்லுங்க. பிள்ளைக்கு இப்பப் பால் குடுக்க வேணாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மருந்து பாட்டிலைக் கட்டாயம் கொண்டாங்க. பேரு தெரியாம டாக்டரு ஒண்ணும் செய்ய முடியாது."

பாட்டில். நான் முறையாகச் செய்த காரியங்களிலேயே முறையான காரியம் அதைப் புதைத்ததுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். மழையில் புதைத்த தடமே அமுங்கியிருந்தது. ஒரு இடத்தில் வெட்டினேன், செத்த கம்பளிப்பூச்சிகள் வந்தன. இன்னொரு இடம், வேர். தெருவில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். கையுறையும் இல்லை, ஒன்றும் இல்லை. விரலில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆட்டோவில் பின்னால் தாயும் மகளும், மடியில் குழந்தை. நான் டிரைவரின் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் அந்தச் சேற்றுப் பாட்டிலை வைத்துக்கொண்டு. பாதி வழியில் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. அழ ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் ரவிக்கை நனைந்துவிட்டது. பால் இருக்கிறது, கொடுக்கக் கூடாது. குழந்தை முகத்தை அவள் மார்பில் முட்டிக்கொண்டே வீரிட்டது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்தாள். அந்தம்மா பேசினார். வழி நெடுக என்னைத் திட்டினார். என்னை, என் மனைவியை, எங்கள் மரத்தை, அதை நட்ட கையை. திட்டு ஓயாமல் இருந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. குழந்தையின் அழுகையை அது கொஞ்சம் மறைத்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். பாட்டில் மேல் இருந்த சேற்றைப் பஞ்சால் துடைத்துப் படித்தார். எப்போது அடித்தது, எவ்வளவு கலந்தது, எவ்வளவு சாப்பிட்டது, கீரையைக் கழுவினார்களா என்று கேட்டார். "மூணு தண்ணி கழுவுனேன் சார்" என்றார் அந்தம்மா. பெண்ணின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வாயில் எச்சில் ஊறுகிறதா, கண் மங்குகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். ஒவ்வொரு இல்லைக்கும் எனக்கு ஒரு மூச்சு வந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க முதல்ல போயி கையக் கழுவுங்க" என்றார். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன்.

குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்து நர்ஸ் சங்கில் புகட்டினார். முதலில் துப்பியது. பிறகு குடித்தது. அது தூங்கிய பிறகு வராந்தா பெஞ்சில் அந்தம்மா ஒரு கோடியிலும் நான் மறு கோடியிலும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே யாராவது இருமினால் இருவரும் எழுந்தோம்.

"அந்தத் துணிய எதுக்குக் கட்டுனீங்க?" என்றார் அவர், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"யாரும் ஒடிக்கக் கூடாதுன்னுதான்."

"அத வாயால சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

நகக்கண்ணில் கழுவியும் போகாத மண்ணைச் சுரண்டினேன்.

"நான் என்ன நெனச்சேன்? எம்பொண்ணு புள்ள பெத்து வந்திருக்கா, கீரைக்கு எங்க கண்ணு உங்க மரத்து மேல விழுதுன்னு உங்க வீட்டம்மா திருஷ்டித் துணி கட்டச் சொல்லியிருக்குன்னு நெனச்சேன். எங்க வாசலப் பாத்துல்ல கட்டியிருந்தீங்க? வயிறு எரிஞ்சிது. வேற மரமா இல்ல தெருவுல? அந்தத் துணிக்கு மேலயே கைய வச்சு ஒடிச்சேன்."

நான் கட்டாமல் விட்டிருந்தால் அவர் ஒடித்திருக்கவே மாட்டார்.

"அப்படி என்ன அவசரம், மருந்தடிக்க?" என்றார் சற்றுப் பொறுத்து.

"உங்க கொடியில புள்ளத் துணி காயுது. கம்பத்துல ஒரு பூச்சி ஏறுனதப் பாத்தேன்."

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"அதையும் சொல்லல" என்றார்.

சாயங்காலம் டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். சாப்பிட்டது கொஞ்சம்தான் என்றார். மறுநாள் வரைக்கும் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு, பிறகு குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றார். ஏதாவது தோன்றினால் உடனே வரச் சொன்னார். அந்த 'ஏதாவது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அன்றிரவு நான் உறங்கவில்லை. எதிர் வீட்டு விளக்கு எரியும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். விடிந்து கொடியில் குழந்தைத் துணி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

அன்று காலையில் துணியை அவிழ்த்தேன். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் வீடு வீடாக நின்று, "முருங்கைல மருந்து அடிச்சிருக்கு, ரெண்டு வாரம் தொடாதீங்க" என்று சொன்னேன். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்கிறானே என்று யாரும் சிரிக்கவில்லை. மீன்குழம்புக்காரி மட்டும், "குழம்பு கேக்கலியா மாமா?" என்றாள்.

மனைவி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். என்னைத் திட்டுவதற்கு வாயெடுத்தவள், ஏனோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அடைபட்டிருந்த சாக்கடையை வெட்டிவிட்டாள். எதிர் வீட்டம்மா பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

நாள் கணக்கு முடிந்தும் ஒரு வாரம் கூடுதலாக விட்டேன். பழைய இலையை எல்லாம் கழித்து, புதிதாகத் துளிர்த்ததை நானே ஒடித்தேன். மனைவி வதக்கினாள். "நானும் சாப்பிடுறேன்" என்றாள். வேண்டாமென்று சொல்லி நான் மட்டும் சாப்பிட்டேன். கீரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்து வேறு ருசி எதையோ தேடினேன். மறுநாள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு எதிர் வீட்டுக்குப் போனேன்.

"இனிமே ஒடிக்கலாம்" என்றேன்.

அந்தம்மா வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"நேத்து சாப்பிட்டேன்."

"உங்க வீட்டம்மா?"

"இல்ல."

"அது சாப்பிடட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். குழந்தை காலை உதைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

அன்றைக்கே என் மனைவியிடம் சொன்னேன். அவள் புதிதாகக் கீரை வதக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, எதிர் வீட்டுக்குத் தெரியும்படி நின்று சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகும் தினமும் விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தத் தாழ்ந்த கிளையைத்தான். பல நாள் யாரும் தொடவில்லை. மார்கழியில் ஒருநாள், பனி இறங்கிய காலை, ஒடிந்த இடம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. கை தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. ஈரமாக இருந்தது. எதிர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது. கனைக்காமல், கூப்பிடாமல், அங்கேயே நின்றேன். உள்ளே குழந்தை எதற்கோ சிரிக்கும் வரை நின்றேன்.